பள்ளிக்கூட வாசல் குளம்

எங்கள் ஹார்ட்டன்பி நகராட்சி, ஊர்ச் சாலைகளில் உள்ள பள்ளங்கள் யாவும் மார்ச் முடிவதற்குள் இல்லாமல் போகும் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். தீர்மானத்தில் 'மூடப்படும்' என்ற சொல் எங்குமே இல்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

பள்ளத்தை மூடுவதற்குத் தார் வேண்டும், சரளை வேண்டும், மழையில் நிற்க நாலு ஆள் வேண்டும். ஆனால் நகராட்சி மொழியில் வேறொரு வினைச்சொல் குடும்பம் இருக்கிறது. வகைமாற்று, தரம்மாற்று, பட்டியல்மாற்று. இவற்றுக்கு ஒரு மேசையும் ஒரு கோப்பைத் தேநீரும் போதும். எங்கள் நகராட்சியில் தோண்டுகிறவர்களும் பூசுகிறவர்களும் ஓய்வு பெற்றுப் போய்ப் பல வருஷமாகிறது. மாற்றுகிறவர்கள் மட்டும் மூன்று மாடி நிறைய இருக்கிறார்கள்.

எங்கள் தெருவில், ஆரம்பப் பள்ளியின் வாசலில், குளியல் தொட்டி அளவுக்கு ஒரு பள்ளம். அதைத் தவிர்க்க வண்டிகள் எல்லாம் பிள்ளைகள் நிற்கும் நடைபாதைப் பக்கம் ஒடித்து வரும். இருபத்திரண்டு வருஷமாக வட்டப் பலகை கட்டிய கோலை நீட்டி வண்டிகளை நிறுத்திப் பிள்ளைகளைச் சாலை கடத்திவிடுகிறவள் கிளெண்டா. மஞ்சள் மேலங்கி, பையில் எப்போதும் மிட்டாய். மேயரைக்கூடக் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவாள்.

எனக்கும் அந்தப் பள்ளத்தின்மேல் ஆத்திரம் உண்டு. என் வீடு அதற்கு நேர் எதிரே. 'விற்பனைக்கு' என்ற பலகை எட்டு மாதமாக வாசலில் நின்று பாசி பிடித்திருந்தது. ஆகவே கிளெண்டாவும் நானும் சேர்ந்தே நகராட்சிக்குப் போனோம்.

வகைமாற்றப் பிரிவு அலுவலர் திருவாளர் ஆல்சப் மிகவும் மரியாதையானவர். பிஸ்கட் தட்டை எங்கள் பக்கம் நகர்த்தினார்.

"பள்ளமா? அந்தத் தெருவுல தண்ணி தேங்கியிருக்கறதாத்தான் எங்க பதிவுல இருக்கு, மேடம்."

"தண்ணிக்கு அடியில பள்ளந்தான் கண்ணு இருக்கு. தண்ணி என்ன அந்தரத்துலயா நிக்கும்?"

"எத்தனை நாளா தேங்கியிருக்கு?"

"அக்டோபர்லேர்ந்து. இந்த ஊர்ல மழை எப்போ விட்டுச்சு?"

ஆல்சப்பின் பேனா நிமிர்ந்தது. "வாத்து ஏதாவது வந்துச்சா?"

கிளெண்டாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "சனிக்கிழமை ஒண்ணு வந்துச்சு. என் சாண்ட்விச்சுல பாதியைத் தின்னுட்டுப் போச்சு."

"ரொம்ப நன்றி, மேடம்," என்றார் ஆல்சப், மனம் நெகிழ்ந்து. "இருபத்தெட்டு நாளைக்கு மேல தண்ணி, அதோட ஒரு நீர்ப்பறவை. இது பள்ளமே இல்ல. குளம்."

"குளமா! சரி, குளத்தையாவது மூடித் தொலைங்க."

"குளத்தை மூடறது குற்றம், மேடம்."

இவ்வாறாக மார்ச் முடிவதற்குள் எங்கள் தெருவில் பள்ளம் இல்லாமல் போயிற்று. குளத்துக்கு வேண்டிய மரியாதைகள் ஒவ்வொன்றாக வந்தன. 'ஆழமான நீர், நீந்தாதீர்' என்று ஒரு பலகை. கம்பத்தில் சிவப்பு மிதவை வளையம். காலஞ்சென்ற ஒரு கவுன்சிலரின் நினைவாக ஒரு பெஞ்சு. அடுத்த வீட்டு மார்ஜரி தன் கதவில் 'குளக்கரை இல்லம்' என்று பெயர்ப்பலகை மாட்டினாள். எல்லோரும் சிரித்தோம். மறு வாரம் நானும் என் விற்பனைப் பலகையைத் துடைத்து, 'நீர்முகம் நோக்கிய வீடு' என்று எழுதிவைத்தேன்.

பிறகு கிளெண்டாவுக்குக் கடிதம் வந்தது. சாலையைக் கடத்திவிடத்தான் ஆள் வைக்கலாம், குளத்தைக் கடத்திவிட வைக்க விதியில் இடமில்லை. ஆயினும் அன்னாரது நீண்ட சேவையைக் கருத்தில் கொண்டு வேலையைவிட்டு நீக்காமல், அன்னாரை உயிர்காப்பாளராக வகைமாற்றியிருப்பதாக அறிவித்தது நகராட்சி. கோலை வாங்கிக்கொண்டு விசில் கொடுத்தார்கள். உட்கார உயரமான நாற்காலி ஒன்றும் வந்தது.

"வண்டியை யாரு நிறுத்துறது?" என்று ஆல்சப்பிடம் தொலைபேசியில் கத்தினாள்.

"வண்டி சாலைத் துறை, மேடம். நீங்க இப்ப நீர்த் துறை. நாற்காலிய விட்டு இறங்காதீங்க."

ஒரு வியாழக்கிழமை காலை, ரொட்டி வேன் ஒன்று குளத்தைச் சுற்றி ஒடித்தது. ஏழு வயது ஃபிரேயா நடைபாதை விளிம்பில் நின்றிருந்தாள். கிளெண்டா உயரத்திலிருந்து பார்த்துவிட்டு விசிலை ஊதினாள், ஊதிக்கொண்டே குதித்தாள். விசிலுக்கு எந்த வேன் நிற்கும்? பிள்ளைக்கு மணிக்கட்டு முறிந்தது. அத்தோடு போயிற்றே என்று தெருவே பெருமூச்சு விட்டது. மாவுக்கட்டில் நாங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.

நகராட்சியின் அறிக்கையில் அது 'நீர்நிலையருகே தடுமாறி விழுதல்' என்று பதிவாயிற்று. அதன் பயனாக அந்த ஆண்டில் அதுவரை எங்கள் ஊரில் சாலை விபத்து ஒன்றுகூட இல்லை. அதற்காகக் கேடயம் கொடுத்தார்கள். ஆல்சப் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் ஊர்ப் பத்திரிகையில் வந்தது.

மே மாதம் அதிசயமாக மழை பொய்த்தது. குளம் வற்றி, அடியில் பழைய பள்ளம் பல்லைக் காட்டியது. ஒரு காலை ஏழரை மணிக்கு கிளெண்டா தள்ளுவண்டியில் இரண்டு மூட்டைத் தார்ச்சரளையைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சொந்தச் செலவு. மண்வெட்டியை எடுத்தாள். கதவுகள் திறந்தன. தேநீர்க் கோப்பையும் கையுமாகத் தெருவே வெளியே வந்தது.

"அது குளம், கிளெண்டா," என்றாள் மார்ஜரி. "குளத்துல கை வைக்கக் கூடாது."

"தண்ணி எங்கடி இருக்கு? வாத்தே மூட்டையைக் கட்டிட்டுப் போயிடுச்சு."

"தண்ணி வந்துரும்."

தண்ணீர் வந்தது. என் தோட்டத்திலிருந்துதான் வந்தது. குழாயை நான்தான் இழுத்து வந்தேன். கோடையில் தோட்டத்துக்குக் குழாயில் தண்ணீர் விடத் தடை இருந்தது. ஆனால் நீர்நிலைகளுக்கு விலக்கு உண்டு, முதல் நாளே விதியைப் படித்து வைத்திருந்தேன்.

கிளெண்டா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஃபிரேயா கட்டுல நீயுந்தானே கண்ணு கையெழுத்துப் போட்ட?"

"சனிக்கிழமை வீடு பார்க்க ஆள் வர்றாங்க, கிளெண்டா," என்றேன்.

அவள் விசிலைக் கழற்றிக் கவுன்சிலர் பெஞ்சின்மேல் வைத்துவிட்டு, மூட்டைகளோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள் குளம் நிரம்பிவிட்டது.

சனிக்கிழமை வந்தவர்களுக்கு வீடு உடனே பிடித்துப்போயிற்று. சாலை விபத்தே இல்லாத ஊர் என்று பத்திரிகையில் வந்த கேடயப் படத்தை நான் எடுத்துக் காட்டினேன். அவர்களுக்கு ஏழு வயதில் ஒரு பெண் இருக்கிறாள்.