கேசட்டில் என் பெயர் ஏறிய விதம்

படிக்காதவனுக்கு வந்தால் அது பொறாமை. படித்தவனுக்கு வந்தால் அதற்கு விமர்சனம் என்று பெயர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான். ஆகவே குடும்பத்தின் முதல் விமர்சகனும் நானே. விமர்சித்தது முழுக்க ஒரே ஆளை: என் அத்தை மகன் ஏழுமலையை.

தொண்ணூறுகளின் நடுவில் நந்தனத்தில் எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். பாடகர் அமலநாதன் எங்கள் கல்லூரிக்குப் பாட வந்தார். தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடுகிறவர்; சினிமா பக்கம் போகாதவர். தாடி நரைக்கத் தொடங்கியிருந்தது. கடைசி இரண்டு கேசட்டும் சரியாகப் போகாமல், 'சரக்கு தீர்ந்துபோச்சு' என்று ஊர் பேசிக்கொண்டிருந்த நேரம். அடுத்த கேசட் முழுக்கக் கடல் பாட்டு, அதில் ஒன்றுக்கு வலை இழுக்கும் அம்பா வேண்டும் என்றார். ஒருவன் முன்குரல் கொடுக்க, மற்றவர்கள் கயிற்றை இழுத்தபடியே பின்குரல் கொடுப்பதுதான் அம்பா.

என் கை தானாக உயர்ந்தது. "சார், நான் பட்டினப்பாக்கம் குப்பம். முன்குரல் நானே கொடுப்பேன்."

"அப்ப பின்குரலுக்கு மூணு பேரைக் கூட்டிட்டு வா தம்பி."

கேசட் அட்டையில் என் பெயர் அச்சாகும்! விஷயத்தை நைனாவிடம் சொன்னேன். அவர் மீன் மார்க்கெட் முழுக்கச் சொன்னார். (ஐஸ் வண்டிக்காரர்கூட 'வாங்க பாடகரே' என்றார். நான் மறுக்கவில்லை.)

தி. நகர் ஸ்டுடியோவுக்குப் பின்குரல் ஆட்களில் ஒருவனாகத்தான் ஏழுமலையைக் கூட்டிப்போனேன். ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவன். கைலியில் வராதே என்று கெஞ்சி, என் பேண்ட் ஒன்றைக் கொடுத்திருந்தேன். (அது என்னைவிட அவனுக்குப் பொருத்தமாக இருந்தது. அங்கேயே எரிச்சல் ஆரம்பம்.)

முதலில் நான் பாடிக் காட்டினேன், செய்யுள் ஒப்பிப்பதுபோல, அட்சர சுத்தமாக. அமலநாதன் கண்ணை மூடிக் கேட்டார். "தம்பி, இதுல வலையும் இல்ல, மீனும் இல்ல. மார்க்குதான் இருக்கு."

"படிச்ச புள்ள சார், அப்டித்தான் பாடுவான்," என்று ஏழுமலை எனக்காகப் பரிந்து பேசினான். "நெசத்துல இப்டி கீது சார்," என்று ஒரு குரல் கொடுத்தான்.

அவ்வளவுதான். தபலாக்காரர் வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டார். அமலநாதன் எழுந்து போய் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். (அவர் பிடிக்கப்போவது என் தோள் என்றல்லவா சட்டைக்கு இஸ்திரி போட்டு வந்திருந்தேன்!)

முன்குரல் ஏழுமலைக்குப் போனது. நான் வரிசையின் கடைசிக்குப் போனேன். அதோடு விட்டார்களா? மயிலாப்பூர்க்காரரான ஒலிப்பதிவாளர் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார். "மைக் ஒயர் நீளமா கெடக்கு, யாராவது மிதிச்சுடுவா. நீ சும்மாதானே நிக்கறே? அதைச் சுருட்டிக் கையில பிடிச்சுண்டு நில்லுப்பா."

எம்.ஏ. தமிழ், ஒயர் பிடிக்கும் பிரிவு.

பதிவு தொடங்கியது. அமலநாதனுக்குத் தனி மைக். எங்கள் நால்வருக்கும் சேர்த்து ஒன்று. ஏழுமலை குரல் கொடுக்கக் கொடுக்க எனக்குள் விமர்சனம் முற்றியது. பின்குரலிலாவது இவனை அமுக்கிவிடுவது என்று முடிவு செய்து, கடைசிச் சுற்றில் முழுத் தொண்டையையும் திறந்தேன்.

குப்பத்துக்காரன் செய்யக்கூடாத தவறு அது. அம்பாவை அடிவயிற்றிலிருந்து பாடினால் கை சும்மா இருக்காது. கயிறுபோல ஏதாவது கையில் இருந்தால் இழுத்தே தீரும். காலை ஊன்றி, பின்னால் சாய்ந்து, ஒரே இழு. எங்கள் மைக் ஸ்டாண்டோடு பறந்து வந்து என் மார்பில் மோத, நான் தபலாக்காரர் மடியில் போய் உட்கார்ந்தேன்.

"யாருய்யா அது?" என்றார் அமலநாதன்.

ஏழுமலை பெருமை பொங்க அறிவித்தான்: "நம்ம பழனி சார்! எம்.ஏ. படிக்கிறான்!"

ஸ்டுடியோவே உருண்டு சிரித்தது. "இன்னா மச்சி, சுறா மாட்டிச்சா?" என்று அவனேதான் என்னைத் தூக்கியும் விட்டான்.

அமலநாதனின் மைக் எல்லாவற்றையும் பிடித்திருந்தது. "கடைசியை வெட்டிடட்டுமா?" என்று ஒலிப்பதிவாளர் கேட்டார். "தொடாதீங்க. போன ரெண்டு கேசட்லயும் இல்லாதது இதுதான்," என்றார் அமலநாதன். நான் விழுந்த சத்தம், கேள்வி, பதில், சிரிப்பு எல்லாவற்றோடும் பாட்டு வெளிவந்தது. கேசட் பிய்த்துக்கொண்டு போனது.

அட்டையில் 'முன்குரல்: ஏழுமலை' என்றிருந்தது. என் பெயர் இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விலைகூட இருந்தது, நான் இல்லை. நைனா முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு, திருவல்லிக்கேணியில் நண்பனின் மேன்ஷன் அறையில் சில நாள் ஒண்டிக்கொண்டேன்.

திரும்பி வந்தால் குப்பத்து டீக்கடை டேப்பில் அந்தப் பாட்டு. முடிகிற நேரத்தில் நைனா கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார். "த்தோ, எம்புள்ள பேரு வருது, கேளு!" அட்டையில் அச்சாகியிருந்தால் அவரால் படித்திருக்க முடியாது. அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இன்றைக்கும் நான் ஒரு டம்ளரைக் கீழே போட்டால் போதும், மனைவியும் பிள்ளைகளும் ஒரே குரலில் கத்துவார்கள்: "நம்ம பழனி சார்! எம்.ஏ. படிக்கிறான்!"

கத்தட்டும். எனக்கு ஆறாதது வேறு. கேசட்டை உற்றுக் கேட்டால் தெரியும்: அதைக்கூட அந்தப் பாவி பாட்டின் சுருதியிலேயே சொல்லியிருக்கிறான்.