மாரீஸ்வரன் விழித்திருக்கிறான்

மாணவர்களில் நன்றாகப் படிக்கிறவர்கள், சுமாராகப் படிக்கிறவர்கள், படிக்கவே படிக்காதவர்கள் என்று மூன்றே வகைதான் உண்டு என்று பள்ளிக்கூடங்கள் நம்பிக்கொண்டிருக்கின்றன. நான் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பன்னிரண்டு வருஷமாக ஜெராக்ஸ் கடை நடத்துகிறவன். நாலாவது வகையை எனக்குத் தெரியும். அவர்தான் விடிய விடியப் படிக்கிறவர். என்ன படிக்கிறார் என்று கேட்காதீர்கள். எவ்வளவு படித்தார் என்று கேட்டால் கோபம் வரும். எத்தனை மணி வரைக்கும் என்று மட்டும் கேளுங்கள், முகம் மலர்ந்துவிடும்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். பகல் பன்னிரண்டு மணிக்கு, கன்னத்தில் தலையணைச் சுருக்கம் அப்படியே பதிந்திருக்க, நானூறு பக்க நோட்ஸைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருவார். "கோட்டைச்சாமி அண்ணே, ஸ்பைரல் போட்டுச் சீக்கிரம் குடுங்க. ராத்திரி உக்காரணும்" என்பார். ராத்திரி படிக்க வேண்டும் என்று வாய் தவறிக்கூடச் சொல்ல மாட்டார். உட்கார வேண்டும், அவ்வளவுதான். நானூறு பக்கத்தையும் நகல் எடுத்துக் கையில் கொடுத்ததுமே பாதி படித்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில் தெரியும். அந்த நிம்மதியில்தான் என் கடை ஓடுகிறது என்பதால் நான் குறை சொல்லவில்லை.

எங்கள் தெருவிலேயே இந்த இனத்தின் உத்தம மாதிரி ஒருவன் இருக்கிறான். பெயர் மாரீஸ்வரன். காலேஜை முடித்து இரண்டு வருஷமாகிறது, அரசாங்கப் பரீட்சைக்குப் படிக்கிறான். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் பிளாஸ்க் நிறைய டீயை எடுத்துக்கொண்டு, வழியில் அகப்படுகிறவர்களிடமெல்லாம் "இன்னைக்கும் விடிஞ்சிரும்" என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு மாடியேறி, மேஜையைத் துடைத்து, பேனாக்களை வரிசையாக வைத்து, ஒரு பேனா எழுதவில்லை என்று கண்டுபிடித்து, அதை உதறி, உதறிய மை சுவரில் பட்டதைத் துடைத்து, ஒரு டீ குடித்து, புத்தகத்தைத் திறக்கும்போது மணி பன்னிரண்டு. திறந்ததும் ஒரு கொட்டாவி. பரீட்சைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பான். நேற்றைவிட ஒன்று குறைந்திருக்கும். குறைந்தால் என்ன செய்வது? புதிதாக ஒரு டைம்டேபிள் போட வேண்டியதுதான். அதற்கு நாலு கலர் ஸ்கெட்ச் பேனா, ஒரு ஸ்கேல், ஒன்றரை மணி நேரம்.

மறுநாள் காலை பத்து மணி வரை அந்த வீட்டில் மிக்சி ஓடாது. பால்காரர் மணியடித்தால் அவன் அம்மா முருகலட்சுமி ஓடிவந்து வாயில் விரலை வைப்பார். "மெல்லமாண்ணே, மெல்லமா. புள்ள விடிய விடியப் படிச்சிட்டு இப்பத்தேன் கண்ணசந்திருக்கான்."

அந்தத் தூக்கத்தை அவன் ஒரே நிலையில் வைத்திருந்தாலாவது பரவாயில்லை. ராத்திரியில் மண்டையில் ஏறவில்லை என்று சொல்லி ஒரு மாதம் விடியற்காலைக்கு மாறினான். நாலு மணிக்கு ஒரு அலாரம், நாலு ஐந்துக்கு ஒன்று, நாலு பத்துக்கு ஒன்று. முருகலட்சுமி எழுந்தார், அவர் வீட்டுக்காரர் எழுந்தார், எதிர்வீட்டில் பவர்லூம் வைத்திருக்கும் கருத்தப்பாண்டி எழுந்தார், அவர் வீட்டு நாயும் எழுந்தது. அலாரம் வைத்தவன் மட்டும் எழவில்லை. அப்புறம் ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, தூக்கத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தூங்கினால் மூளை கூர்மையாகும் என்றான். ஒன்றரை மணி நேரமாக நாலு துண்டு. முழுசாகத் தூங்கியபோது எட்டு மணி நேரம் தூங்கியவன், பிரித்ததில் பதினோரு மணி நேரம் தூங்கினான். கடைசியில் "நமக்கு ராத்திரிதேன் செட்டாகும்" என்று பழையபடி பிளாஸ்க்கோடு மாடிக்கே போய்விட்டான்.

இதையெல்லாம் நாங்கள் சிரித்துக்கொண்டு பார்த்திருக்கலாம். நாங்கள் அவனை நம்பித் தொலைத்தோம். அங்கேதான் வந்தது வினை.

எங்கள் பக்கத்து போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர். துணி துவைக்கலாம், பாத்திரம் கழுவலாம். அதில் பருப்புப் போட்டால் பொழுது சாயும் வரை வேகாது, டீ போட்டால் பால் திரிந்துபோகும். குடிக்கிற நல்ல தண்ணீர் வீட்டு வாசல் குழாயில் வாரத்துக்கு ஒரு தடவை வரும். எந்த ராத்திரி, எத்தனை மணிக்கு என்பது அந்தத் தண்ணீருக்கே தெரியாது. அதனால் தெருவில் முறை உண்டு. ஒரு ராத்திரிக்கு ஒரு வீடு விழித்திருந்து, குழாய் புஸ்ஸென்று காற்று விட்டதும் எல்லா வீட்டுக் கதவையும் தட்ட வேண்டும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு ஒச்சம்மாள் அக்கா எல்லா வீட்டாரையும் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார். அவர் மகள் பிரவீணாவைப் பெண் பார்க்க வியாழக்கிழமை திருச்சுழியிலிருந்து பன்னிரண்டு பேர் வருகிறார்கள், மத்தியானச் சாப்பாடு இங்கேதான். முன்பு வந்த இரண்டு கூட்டம் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றது, இன்னும் சொல்லி அனுப்பவில்லை. இந்த இடமாவது அமைய வேண்டுமே என்று அக்காவுக்குச் சரியான தூக்கம் இல்லை. அந்த வாரம் தண்ணீரைத் தவறவிடக் கூடாது.

"மாடியில ஒரு புள்ள விடிய விடிய முழிச்சிருக்கான். நாம என்னமோ முறை வச்சுக் கண்ணு முழிக்கிறோம். வெண்ணெய கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலையிற கதையாவுல்ல இருக்கு!" என்றார் ஒச்சம்மாள்.

மாரீஸ்வரனால் மறுக்க முடியுமா? மறுத்தால் இரண்டு வருஷத்து ராத்திரிகளுக்கும் கணக்குச் சொல்ல வேண்டிவரும். "அதுக்கென்னத்தே, நான் முழிச்சுத்தான இருக்கேன்" என்றான். அன்றிலிருந்து ராத்திரிக்கு ராத்திரி ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அவனுக்குச் சுக்குக் காப்பி என்ன, முறுக்கு என்ன, பணியாரம் என்ன! நாங்கள் நிம்மதியாகப் படுத்தோம்.

வியாழன் விடிந்தது. குழாய்க் குழியைச் சுற்றி மண் சதசதவென்று நனைந்திருந்தது. ஒச்சம்மாள் வாசலில் ஒன்பது பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாகக் காலியாக நின்றன. அடுத்த தெருவில் விசாரித்தால் ஒன்றே முக்காலிலிருந்து மூன்று மணி வரை நல்ல தண்ணீர் வந்ததாம், அவர்கள் அண்டா முதல் கிண்டி வரை பிடித்து வைத்திருந்தார்கள். ஒச்சம்மாள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு குடங்களைப் பார்த்தபடி நின்றார். எனக்கு மனசு கேட்கவில்லை.

தெருவே திரண்டு மாரீஸ்வரனை எழுப்பிக் கீழே இறக்கியது.

"ஏலே, தூங்கித் தொலைச்சியா?" என்றார் கருத்தப்பாண்டி.

தூங்கிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்கள் திட்டிவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் இந்த இனத்தாரை நீங்கள் திருடன் என்று சொல்லுங்கள், பொறுத்துக்கொள்வார்கள். தூங்கினீர்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

"நான் தூங்குனேன்னு யாரும் சொல்லக் கூடாது!" என்று கத்திக்கொண்டு போனை நீட்டினான். வாட்ஸ்அப்பில் அவன் வைத்த ஸ்டேட்டஸ். திறந்த புத்தகம், பக்கத்தில் டீ கிளாஸ், மேலே 'உலகம் உறங்குகிறது, நான் உழைக்கிறேன்' என்று வாசகம். நேரம் இரண்டு பதினான்கு.

"ரெண்டே காலுக்கு முழிச்சிருந்தவனுக்கு வாசல்ல தண்ணி வந்தது தெரியலையாக்கும்?" என்றார் கருத்தப்பாண்டி.

"காதுல ஹெட்செட் மாட்டியிருந்தேண்ணே. வீடியோ பாத்துக்கிட்டிருந்தேன்."

"என்ன வீடியோய்யா?" என்று முருகலட்சுமி ஆசையோடு கேட்டார். ஏதோ பாடம் என்று நினைத்திருப்பார்.

"தூக்கத்தக் கொறைக்கிறது எப்படின்னு..."

கருத்தப்பாண்டி கையை ஓங்கிக்கொண்டு போனார். அப்போதுதான் மாரீஸ்வரனுக்கு ரோஷம் வந்தது. ஸ்டேட்டஸ் வைத்தால் அதை யார் யார் எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்று போனே காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா? அந்தப் பட்டியலைத் திறந்து, அவன் வாழ்நாளில் எந்தப் பாடத்தையும் வாசிக்காத கணீர்க் குரலில் வாசித்தான்.

"பிரவீணா, ரெண்டு பதினாறு. கருத்தப்பாண்டி அண்ணே, ரெண்டு பதினேழு. கோட்டைச்சாமி அண்ணே, ரெண்டு பத்தொன்பது..."

எங்கள் தெருக்காரர்கள் மட்டும் பதினோரு பேர். ஓங்கிய கை அப்படியே இறங்கித் தலையைச் சொறிந்தது. டாக்டர் சொன்னதிலிருந்து பத்து மணிக்கே தூங்கிவிடுவதாக நான் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒச்சம்மாள் தன் மகளைத் திரும்பிப் பார்த்தார். பிரவீணா குடங்களைப் பார்த்தாள். அந்நேரத்தில் அவள் யாரோடு பேசிக்கொண்டிருந்தாள் என்று நான் கேட்கவில்லை, கேட்கிற யோக்கியதையும் எனக்கில்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்த ராத்திரி போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோது வாசல் பக்கம் புஸ்ஸென்று ஒரு சத்தம் என் காதில் விழத்தான் செய்தது. மாரீஸ்வரன்தான் விழித்திருக்கிறானே, தண்ணீர் வந்தால் கூப்பிட மாட்டானா என்று அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டேன்.

கூட்டம் கலைந்தது. கொஞ்ச நேரம் கழித்து கருத்தப்பாண்டி, போன வாரம் பிடித்து மிச்சம் வைத்திருந்த தண்ணீரில் ஒரு குடம் கொண்டுவந்து ஒச்சம்மாள் வாசலில் வைத்துவிட்டு, தலையைக் குனிந்தபடி போனார். பின்னாலேயே நான் ஒரு குடம். பட்டியலில் பெயர் வந்த ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒவ்வொன்று. மத்தியானம் பருப்பு நன்றாக வெந்தது, டீயும் திரியவில்லை. திருச்சுழிக்காரர்கள் இரண்டாம் தடவை சாம்பார் வாங்கிச் சாப்பிட்டார்கள். போகும்போதே சம்மதம் சொல்லிவிட்டார்கள்.

இப்போது தண்ணீர் முறையை அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் போடுகிறோம். புதன்கிழமை எனக்கு.

ஆக, இந்த இனத்தார் இருபத்து நாலு வயதில் அரசாங்கப் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் மட்டும்தான் என்று நினைத்து நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து ஒரு காரியம் செய்யுங்கள். இதை வாசிக்கும் இந்த நிமிஷத்தில் மணி என்ன என்று பாருங்கள். பன்னிரண்டைத் தாண்டியிருந்தால், இதோ இந்தப் பக்கத்தோடு தூங்கிவிடுவேன் என்று எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம். எழுந்து வாசல் குழாயை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து படுங்கள்.