மைத்துனர் நிறுவிய லினக்ஸும் என் வீட்டு வெப்பநிலையும்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு தங்கள் அக்கா நலம். நானும் உடலளவில் நலம். தங்கள் நலத்தை அறிய இப்போதைக்கு எனக்கு ஆவல் இல்லை. திருமணமான நாள் முதல் தங்களை 'நீ, வா, போ' என்றே அழைத்துவந்த நான், இக்கடிதம் முழுவதும் 'தாங்கள்' என்றே விளிக்கப்போகிறேன். அது மரியாதை அல்ல என்பதைப் புரிந்துகொள்ளும் அளவுக்காவது தங்களைப் படிக்கவைத்திருப்பார்கள் என நம்புகிறேன். இதைக் கையால் எழுதுகிறேன்; காரணம் தாங்கள் அறியாததல்ல.

விஷயத்துக்கு வருகிறேன். உருகும் பனியைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வெளிநாடு போன என் மகள், புவி சூடாவதற்கு விமானமும் ஒரு காரணம் என்று சொல்லி, இனி விமானமே ஏறுவதில்லை என முடிவெடுத்து, இரண்டு ஆண்டுகளாக வீட்டுக்கு வரவில்லை. அந்த முடிவில் நான் குறை காணவில்லை. கல்லூரியில் வெப்ப இயக்கவியல் நடத்துகிறவன் நான். சென்ற கோடையில் பால்கனியில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலி, நான் உட்கார்ந்ததும் நான்கு கால்களையும் விரித்துப் படுத்துக்கொண்டதிலிருந்து எனக்கும் பூமியைப் பற்றிய கவலை அதிகமாகிவிட்டது. கவலைப்பட வேண்டியது என் எடையைப் பற்றித்தான் என்பது தங்கள் அக்காவின் கட்சி. ஆக, ஞாயிறு மாலைகளில் மகளைக் கணினித் திரையில் பார்ப்பது ஒன்றே எங்களுக்கு மிச்சம். அந்தப் பழைய கணினி திணறுகிறதே, புதிது வாங்கலாம் என்று நான் செருப்பை மாட்டியபோது வாசலில் மறித்தவர் தாங்கள். "என்ன அத்தான், பூமி சூடாகுதுன்னு பொண்ணு பிளேன்லயே ஏற மாட்டேங்கறா, நீங்க நல்லா இருக்கற மெஷினைக் குப்பையில போடப் போறீங்களா? விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போட்டுத் தரேன், இன்னும் பத்து வருஷம் ஓடும்" என்றீர்கள். என் மனசாட்சியைக் கையில் பிடித்துக்கொண்டு பேசியதால் நான் செருப்பைக் கழற்றினேன்.

போட்டீர்கள். ஓடியது. அன்றிலிருந்து நானும் ஓடிக்கொண்டிருக்கிறேன். ஏதாவது சரிசெய்ய வேண்டுமென்றால் ஒரு கறுப்புத் திரை வருகிறது, கடவுச்சொல் கேட்கிறது. அடிக்கிறேன், ஒரு புள்ளிகூட விழவில்லை. விசைப்பலகை செத்துவிட்டதென்று கவிழ்த்துத் தட்டினேன். பல ஆண்டுகளின் பிஸ்கட் தூள் கொட்டியது, புள்ளி மட்டும் விழவில்லை. தங்களை அழைத்துக் கேட்டால், "அது அப்படித்தான் அத்தான், காட்டாது. நீங்க பாட்டுக்கு அடிங்க" என்கிறீர்கள். கண்ணுக்குத் தெரியாத விடைக்கு நான் ஒரு மாணவனுக்கும் மதிப்பெண் போட்டதில்லை. சரி, அதோடு விட்டீர்களா? "கெர்னல்தான் இதுக்கு இதயம் மாதிரி. நம்ம மெஷினுக்கு ஏத்தாப்பல நாமளே கட்டிக்கிட்டா கரண்ட் கொஞ்சமாத்தான் தின்னும்" என்று ஆசை காட்டினீர்கள். மின்சாரம் மிச்சமானால் பூமிக்கு நல்லதுதானே என்று தலையாட்டினேன். காலையில் தொடங்கிய கட்டுமானம் பொழுது சாயும்வரை முடியவில்லை. கணினிக்குள் இருக்கும் விசிறி மாவு மில்லைப் போல் இரைந்தது, அறை கொதித்தது. மேசை விசிறியைக் கணினியின் பக்கம் திருப்பினேன். எனக்கு வியர்க்கிறதென்று தங்கள் அக்கா இன்னொரு விசிறியைக் கொண்டுவந்து வைத்தாள். அதுவும் போதாமல் ஏசியைப் போட்டாள். மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக வீட்டிலுள்ள மின்சாதனங்கள் அனைத்தும் ஒரே அறையில் ஓடிக்கொண்டிருக்கையில், அவள் கதவு நிலையில் சாய்ந்து நின்று, "என்னங்க, பூமி ஆறிடுச்சா, இன்னும் கொஞ்சம் ஊதணுமா?" என்று கேட்டாள். நான் பூமியைக் காப்பாற்றினேனா, கொளுத்தினேனா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு முறை ஒரு விடை வருகிறது, மறுமுறை வேறொன்று வருகிறது.

புதிய கெர்னல் வந்தது, மைக் போனது. தாங்கள் தங்கள் வீட்டிலிருந்தபடியே என் கணினிக்குள் புகுந்து, யாரும் தொடாமலே அம்புக்குறி அங்குமிங்கும் அலைய, எதையோ திருகிவிட்டு, "இப்பச் சரியாயிடுச்சு அத்தான்" என்று சான்றிதழும் வழங்கினீர்கள். அடுத்த ஞாயிறு மகள் திரையில் வந்தாள். அவள் பேசுவது எங்களுக்கு நன்றாகக் கேட்கிறது. நான் வாயைத் திறந்தால் காதைத் தொட்டுக் காட்டி, "ம்ஹூம், கேக்கலப்பா. பரவால்ல, நீங்க பேசுங்க, வாய் அசையறதைப் பாத்தாலே போதும்" என்கிறாள். வாரக்கணக்கில் இதே கதை! கைப்பேசி இல்லையா என்பீர்கள். இருக்கிறது, தங்கள் அக்காவின் காதில். என் முறை வரும்போது "சாப்டியா, சரி வச்சிடறேன்" என்பதற்குத்தான் இடமிருக்கும். கணினிதான் என் பங்கு. அதில் நான் ஊமை. விடுமுறைக்கு ஊர் வருவதா வேண்டாமா என்று அவள் இந்த மாதக் கடைசிக்குள் சொல்லியாக வேண்டும். எழுதிக் கேட்கலாமென்றால் என் எழுத்து கல்லூரிச் சுற்றறிக்கை மாதிரி வந்து தொலைக்கிறது. எப்படியும் கேட்கப்போவதில்லை என்ற துணிச்சலில் சென்ற வாரம் திரையைப் பார்த்து, "பனி பாட்டுக்கு உருகட்டும், நீ ஒரு தடவை வந்துட்டுப் போம்மா. அம்மா உன்னைத் தேடறான்னு நான் சொல்றதெல்லாம் சும்மா, தேடறது நான்தான். உன் ரூமைத் தாண்டும்போதெல்லாம் லைட்டு எரியுதான்னு பாக்கறேன்" என்று புலம்பும் நிலைக்குத் தள்ளப்பட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்தாள். என்னவென்று சைகையில் கேட்டால், "ஹீட்டர் காத்துல கண்ணு எரியுதுப்பா" என்றாள். பாருங்கள், பெற்ற தகப்பன் மனம்விட்டுப் பேசுகிறான், அவளுக்கோ ஹீட்டர் காற்று! இதற்குப் பொறுப்பு யார்?

எனவே வரும் ஞாயிறு மாலைக்குள் தாங்கள் நேரில் வந்து, தங்கள் லினக்ஸைச் சுவடின்றி அகற்றிச் செல்ல வேண்டும். தவறினால் புதிய கணினி வாங்கப்படும்; பழையது தங்கள் வீட்டு வாசலில் இறக்கப்படும். பூமியைத் தாங்கள் பார்த்துக்கொள்ளலாம்.

தங்கள் மனைவிக்கு என் ஆசிகள். குழந்தைகளுக்கு முத்தங்கள். தங்களுக்கென்று இப்போது கைவசம் எதுவும் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் அக்காவை மணந்த ஒரே காரணத்தால்
தங்களுக்கு அத்தான்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மகள் கணினியில் கூப்பிட்டாள். மாப்ளே, நீ திருகிய அன்றே மைக் சரியாகிவிட்டதாம். இத்தனை ஞாயிறும் அவளுக்கு எல்லாமே கேட்டிருக்கிறது, உன்னை நான் திட்டியது உட்பட. ஏன் சொல்லவில்லை என்றால், "கேக்குதுன்னு சொன்னா உடனே படிப்பு எப்படிப் போகுதுன்னு ஆரம்பிச்சிடுவீங்கப்பா" என்கிறாள். விடுமுறைக்கு ரயிலும் பேருந்துமாக மாறி மாறி வருகிறாளாம். விடுமுறையில் பெரும்பகுதி வழியிலேயே போய்விடும், போகட்டும். லினக்ஸை நீ தொட வேண்டாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வா. அவளுக்குக் கேட்கிறது என்று தெரிந்த பிறகு, சற்றுமுன் அரைமணி நேரம் திரைக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். படிப்பு எப்படிப் போகுது என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அவள் வந்து சேரும்வரைக்குமாவது அந்த மைக்கைப் பழையபடி கெடுத்துக் கொடுத்துவிட்டுப் போ.