அறுபத்திரண்டு பற்றி அப்பாவின் விளக்கம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் சுகம். என் ரத்த அழுத்தமும் சுகம். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்லவும்.

நீ என் போனை எடுக்காமல் இன்றோடு ஒன்பது நாள். அன்று நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், போன் ஸ்பீக்கரில் இருந்தது. கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து, "அப்பா, நீங்க தாத்தாவாகப் போறீங்க" என்று நீ சொன்னதும் நான், "சரிம்மா, சாப்பிட்டியா?" என்று கேட்டது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். அந்த நேரம் பார்த்து சோப்புக் கை வழுக்கிக் கண்ணாடி டம்ளர் வேறு உடைந்தது, அதற்கும் உன் அம்மாவிடம் திட்டு. ஆனால் நீ வாங்கித் தந்த கைக்கடிகாரம் என் இதயத்துடிப்பை உன் போனுக்கு அனுப்ப, அதைப் பார்த்துவிட்டு, "இதைக் கேட்டும் அறுபத்திரண்டுதானாப்பா?" என்று நீ போனை வைத்தாயே, அது அநியாயம். அன்று முதல் உன் அம்மாவும் என்னைக் கல்நெஞ்சுக்காரன் என்கிறாள்.

பாப்பா, அது நெஞ்சு இல்லை, மாத்திரை. இரண்டு மாதம் முன்பு டாக்டர் பீட்டா பிளாக்கர் கொடுத்தார். குடிநீர் நிலையத்தில் முப்பது வருடம் மோட்டார் ஓட்டியவனுக்கு இது புரியாதா? கோபமோ சந்தோஷமோ, எது வந்தாலும் அட்ரினலின் என்ற சுரப்பு ஓடிப்போய் இதயத்திடம் "வேகமா, வேகமா" என்று கத்துமாம். இந்த மாத்திரை இதயத்தின் காதைப் பொத்திவிடும். மோட்டார் மெதுவாக, அலட்டிக்கொள்ளாமல் அடிக்கும், சிறுநீரகமும் ரத்தக் குழாய்களை இறுக்கும் சரக்கைக் குறைத்துக்கொள்ளும், அழுத்தம் இறங்கும். இது தெரியாத உடற்பயிற்சி மாஸ்டர், "துடிப்பு நூத்திருபது வர்ற வரைக்கும் ஓடுங்க சார்" என்று விரட்ட, நான் நாக்குத் தள்ள ஓடியும் தொண்ணூறைத் தாண்டவில்லை. "ஏமாத்துறீங்க" என்றுவிட்டார். மாத்திரையை விட்டுவிடலாமா என்றால், "திடீர்னு நிறுத்தினா ஆபத்து, என்னைக் கேக்காம நிறுத்தாதீங்க" என்கிறார் டாக்டர்.

ஆகவே போனை எடு. பாரம் தூக்காதே. தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
நிதானமாகத் துடிக்கும் அப்பா

பி.கு.: கடிதத்தை ஒட்டும்போதுதான் நினைவு வந்தது. அன்று கடிகாரம் நனையக் கூடாதென்று கழற்றி உன் அம்மா கையில் கட்டிவிட்டிருந்தேன். தெருவுக்கே கேட்கும்படி அழுது, நாலு வீட்டுக்குப் போன் போட்டாளே, அந்த அறுபத்திரண்டு அவளுடையது. அவள் எந்த மாத்திரையும் சாப்பிடுவதில்லை. அவளிடம் இதைச் சொல்லிவிடாதே. என் துடிப்பு எவ்வளவு என்று யாரும் பார்க்கவில்லை. ஆனால் பாப்பா, அந்த டம்ளர் சோப்பில் வழுக்கவில்லை.