திரையைச் சுழற்றிக் காட்டுகிறவர்

மனிதர்களில் ஒரு வகை உண்டு. கம்ப்யூட்டர் வாங்குவார்கள், அதில் ஒரு வேலையும் செய்ய மாட்டார்கள், ஆனால் வருகிறவர் போகிறவர் எல்லாரையும் பிடித்து உட்காரவைத்து அதன் திரையைச் சுழற்றிக் காட்டுவார்கள். இவர்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் திரை சுழற்றி. மற்ற ஊர்களில் தெருவுக்கு ஒருவர் இருப்பார். நெய்வேலியில் பிளாக்குக்கு ஒருவர்.

எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு இதைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள், சொல்கிறேன். காண்ட்ராக்ட் கூலியாக லிக்னைட் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கி, மண்வெட்டியில் தொடங்கி, பெர்மனென்ட் ஆகி, ஏழு மாடி உயரத்துக்கு நிற்கும் வாளிச் சக்கர இயந்திரத்தை இருபத்திரண்டு வருடம் ஓட்டி, ஒரு மெமோகூட வாங்காமல் ஓய்வு பெற்று, டவுன்ஷிப்புக்கு வெளியே சொந்தமாக மனை வாங்கி மாடி வீடு கட்டியவன் நான். அந்த இயந்திரத்தின் கேபினில் என் முகத்துக்கு எதிரே பதினாறு முள் இருந்தது. ஒவ்வொரு முள்ளும் ஒரு சேதி சொல்லும். எண்ணெய் எவ்வளவு, சூடு எவ்வளவு, பெல்ட் என்ன வேகம். சொல்ல ஒன்றும் இல்லாமல் அழகுக்காக ஆடும் முள் ஒன்றுகூடக் கிடையாது. இருந்திருந்தால் கழற்றி இன்ஜினியர் கையில் கொடுத்திருப்பேன். ஆகவே ஒரு திரை வேலை செய்கிறதா, வித்தை காட்டுகிறதா என்று சொல்ல எனக்குப் பட்டம் தேவையில்லை.

இந்த இனத்தின் குணங்களை நான் படித்தது கொளஞ்சிநாதனிடம். சுரங்கத்து ஸ்டோர்ஸில் வேலை, குவார்ட்டர்ஸ் வாசம், என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். நல்ல மனிதர். ஒருவருக்கும் கெடுதல் நினைக்க மாட்டார். நினைக்க நேரமும் இல்லை.

நீங்கள் அவர் வீட்டுக்கு ஏணி இரவல் கேட்டுப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏணி வராது. முதலில் நாற்காலி வரும். பிறகு மனைவிக்கு, உள்பக்கம் பார்த்து "அமிர்தம், அண்ணனுக்கு டீ போடு" என்று குரல் போகும். பிறகு அவர் விரல்களை ஒவ்வொன்றாக நெட்டி முறித்து, மவுஸைத் துடைத்து, "கண்ண சிமிட்டாம பாருங்க" என்பார். திரை ஒரு பெட்டியாகி, பெட்டி காற்றில் மிதந்து, அதன் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு திரையோடு மெல்லச் சுழலும். பெட்டிக்குள் மீன்கள் நீந்தும். ஒரு ஜன்னலைப் பிடித்து இழுத்தால் அது நுங்கு மாதிரி தளதளக்கும். மூடினால் தீப்பிடித்து எரிந்து சாம்பலாகும். நீங்கள் "அடேயப்பா" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சரியாகப் பார்க்கவில்லை என்று கருதி, முதலிலிருந்து, இன்னும் மெதுவாகச் சுற்றிக் காட்டுவார். அனுபவசாலிகள் வாசலிலேயே "அடேயப்பா" சொல்லிவிட்டு ஏணியைக் கேட்பார்கள். அதற்கும் பலன் இல்லை.

"எல்லாம் கண்ணுக்கு அழகாத்தான் இருக்குது கொளஞ்சி. இதனால என்ன பிரயோஜனம்?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை, லிக்னைட்டால் என்ன பிரயோஜனம் என்று கேட்டவனைப் பார்ப்பது போல இருந்தது.

"அண்ணே, நமக்கு டூட்டி எப்புடிப் பிரிச்சிருக்காங்க? மூணு ஷிஃப்ட்டு, ஒரு ஜெனரல். மொத்தம் நாலு. இந்தப் பெட்டிக்கு எத்தினி பக்கம்?"

"ஆறு."

"மேலயும் கீழயும் கணக்குல வராதுண்ணே. நாலு. முதல் ஷிஃப்ட்டு வாரத்துல தொறந்தது ஒரு பக்கம், ரெண்டாம் ஷிஃப்ட்டு ஒரு பக்கம், நைட்டு ஒரு பக்கம், ஜெனரல் ஒரு பக்கம். எது எங்க இருக்குதுன்னு தேடவே வேணாம். எந்த வாரத்துல தொறந்தோம்னு ஞாபகம் இருந்தா போதும்."

"ஞாபகம் இல்லன்னா?"

"அதுக்குத்தான் சுத்திக்கினு இருக்கேன்."

இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொளஞ்சிநாதன் தன் கம்ப்யூட்டரில் எதையும் சேமித்து வைப்பதில்லை. சேமிப்பது என்பது கரண்டு போகிற ஊர்க்காரர்களின் கெட்ட பழக்கம் என்பது அவர் கட்சி. நான் சொல்வது 2012-இல் நடந்தது. சுற்றுவட்டாரம் முழுக்க நாளில் பாதி நேரம் மின்வெட்டு. என் மாடி வீட்டில் ஃபேன் இறக்கையில் குருவி உட்கார்ந்திருந்தது. சொந்தமாக மின்சாரம் தயாரிக்கிற டவுன்ஷிப்புக்குள் மட்டும் விளக்கு அணையாது. ஆகவே அவர் பெட்டியின் நாலு பக்கங்களிலும் மாதக்கணக்கில் எல்லாமே திறந்தபடி நின்றன. அவற்றில் ஒன்று, ஒழுகுகிற சமையலறைக் கூரையைச் சரிசெய்யக் கேட்டு அமிர்தம் எழுதச் சொன்ன மனு. எட்டு மாதமாக அது ஏதோ ஒரு பக்கத்தில் முக்கால்வாசி முடிந்து நின்றது.

அந்த வருடம் ஆகஸ்டில் ஒரு நாள், வடலூரிலிருந்து என் தம்பி மகள் அன்புக்கரசி பஸ் பிடித்து வந்து இறங்கினாள். டிப்ளமோ முடித்து ஒரு வருடமாக வேலை தேடுகிறவள். ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள். மார்க், பயிற்சி விவரமெல்லாம் டைப் அடித்து மெயிலில் அனுப்ப வேண்டும். அன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. வடலூரில் காலையிலிருந்து கரண்டு இல்லை. இது தவறினால் கட்டிவைக்க அவளுடைய அப்பா, என் தம்பி, தயாராக ஒரு மாப்பிள்ளை வைத்திருந்தான். அவனுக்கு அவளைவிடப் பதினான்கு வயது அதிகம்.

பிரவுசிங் சென்டருக்குப் போகலாம் என்றாள். தெரிந்த வீடு இருக்கும்போது கடைக்கு எதற்கு என்று நான்தான் சொன்னேன்.

மூன்று மணிக்குக் கொளஞ்சிநாதன் வீட்டில் உட்கார்ந்தோம். நாற்காலி, டீ, நெட்டி முறித்தல், பெட்டி, மீன், நுங்கு, தீ. அன்புக்கரசி படித்த பெண். இரண்டு நிமிடத்திலேயே "அடேயப்பா" சொல்லிவிட்டாள். அதனால் மகிழ்ந்து போய் மழைத்துளி விழுகிறதையும் காட்டினார். மூன்றரை ஆயிற்று.

"மாமா, நான் டைப் அடிக்கட்டுங்களா? அஞ்சு மணிக்குள்ள போவணும்."

"தாராளமா அடிம்மா. ஒன் வூடு மாதிரி." அன்று அவருக்கு வார ஓய்வு. ஓய்வுக்கென்று பக்கம் ஏதும் ஒதுக்காததால், ஜெனரல் ஷிஃப்ட் பக்கத்தைப் பெருந்தன்மையாகக் கொடுத்தார்.

அவள் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துச் செருகிவிட்டு ஆரம்பித்தாள். இரண்டு வரி அடிப்பாள், இடது கையால் கீபோர்டில் ஏதோ இரண்டு கட்டையைச் சேர்த்து அழுத்துவாள். மறுபடி இரண்டு வரி, மறுபடி அழுத்துவாள். கொளஞ்சிநாதனால் தாங்க முடியவில்லை.

"இன்னாம்மா அது, கொசு அடிக்கிற மாதிரி?"

"பென் டிரைவுல சேவ் பண்றேன் மாமா. எங்க ஊர்ல எப்ப கரண்டு போவும்னு தெரியாது. கை பழகிப்போச்சு."

"இது டவுன்ஷிப்புமா. இங்க கரண்டு போவாது. அந்தப் பழக்கத்த விடு."

"சரிங்க மாமா" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி அழுத்தினாள்.

நாலேகாலுக்கு முடித்துவிட்டாள். இனி மெயிலில் இணைத்து அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். மெயில் அனுப்புகிற ஜன்னல் நைட் ஷிஃப்ட் பக்கத்தில் திறந்திருந்தது. அவள் ஒரு கட்டையை நோக்கி விரலைக் கொண்டுபோனாள்.

"இரு இரு. அப்புடிப் போவக்கூடாது. சுத்தித்தான் போவணும்" என்று கொளஞ்சிநாதன் மவுஸை வாங்கிக்கொண்டார். வாங்கிச் சுழற்றினார். முழுதாக ஒரு சுற்று, மீன்களோடு, பிறகு இன்னொரு சுற்று, நான் பார்க்கிறேனா என்று என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே மூன்றாவது சுற்று. அந்த மூன்றாவதில், பெட்டி தன் விளிம்பை எங்கள் பக்கம் காட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. இடப்புறம் அன்புக்கரசியின் விண்ணப்பத்தில் பாதி. வலப்புறம் நைட் ஷிஃப்ட்டில் பாதி. நடுவில் ஒரு மீன், வாலைத் தூக்கியபடி.

திரையின் மூலையிலிருந்த கடிகாரமும் நின்றது. நாலு இருபத்தொன்று.

"ஒண்ணுமில்ல, யோசிக்குது" என்றார்.

அது யோசித்தது. நாங்களும் யோசித்தோம். என் கைக்கடிகாரத்தில் நாலு முப்பது. அவர் தினசரி நாட்காட்டியை ஆணியிலிருந்து கழற்றி வந்து கம்ப்யூட்டருக்கு விசிறினார்.

"லோடு ஜாஸ்தியாயிடுச்சு. வெயில் நேரம் பாருங்க."

"பென் டிரைவ எடுத்துக்கோம்மா" என்றேன். அவள் எடுத்துக்கொண்டாள். சுரங்கத்தில் பெல்ட் சிக்கிக்கொண்டால் முதலில் செய்ய வேண்டியது என்ன என்று இருபத்திரண்டு வருடம் படித்தவன் நான். குனிந்து சுவிட்சை அணைத்தேன்.

"அண்ணே, நாலு பக்கமும் தொறந்து இருந்துதுண்ணே" என்றார் கொளஞ்சிநாதன். சாவு வீட்டில் சேதி சொல்கிற குரல்.

சமையலறை வாசலில் நின்ற அமிர்தம், "அப்ப என் மனு?" என்றார். "எட்டு மாசம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். பத்தே நிமிடத்தில் ஒரு வெள்ளைத்தாளில் பேனாவால் அந்த மனுவை எழுதி முடித்துவிட்டார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். மறு வாரமே கூரைக்கு ஆள் வந்ததாம்.

நாங்கள் டிவிஎஸ் ஐம்பதில் மெயின் பஜாருக்குப் பறந்தோம். வழியில் எனக்கு முதன்முதலில் குவார்ட்டர்ஸ் கொடுத்த பிளாக் வந்தது. கூலியாக வந்தவன் சொந்தச் சாவியோடு நுழைந்த வீடு அது. இதைப் பார்க்காமல் போகலாமா? வண்டியை மெதுவாக்கி, அந்த வீட்டைக் கை நீட்டிக் காட்டி, எண்பத்து மூன்றில் நான் எந்த நிலையில் அங்கே குடிவந்தேன் என்று ஆரம்பித்தேன்.

பின்னால் இருந்தவள் சொன்னாள்: "பெரியப்பா, அத நாளைக்குச் சுத்திக் காட்டுங்க. இப்ப வண்டிய விடுங்க."

அவள் ஏன் அந்த வார்த்தையைப் போட்டாள் என்று எனக்குப் புரியவில்லை. வண்டியை விட்டேன்.

பிரவுசிங் சென்டரில் இருந்தது மஞ்சள் பூத்த பழைய கம்ப்யூட்டர். திரையில் எதுவும் மிதக்கவில்லை, எரியவில்லை, நீந்தவில்லை. கடைக்காரர் பொரி தின்றுகொண்டே, "அந்த மூணாவது சிஸ்டம்" என்றார், அதற்கு மேல் எங்களை மதிக்கவில்லை. நாலு ஐம்பத்திரண்டுக்கு மெயில் போயிற்று. போன சேதி திரையில் ஒரே வரியில் வந்தது. என் கேபினில் இருந்த முள் மாதிரி. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தது.

வெளியே கரும்புச் சாறு குடிக்கும்போது கேட்டேன். "நெசமா சொல்லு. அந்தப் பெட்டியால பிரயோஜனம் உண்டா?"

"நாலு பக்கமா வச்சிக்கிறது நல்லதுதான் பெரியப்பா. கடுதாசி ஒண்ணுல, மெயிலு ஒண்ணுல இருந்தா கலக்காது. ஒரு கட்டைய அழுத்துனா அடுத்தது வந்துடும். பக்கம் வேலைக்கு. சுத்துறது வந்தவங்களுக்கு."

டிப்ளமோ வீண்போகவில்லை என்று அப்போதே தெரிந்துகொண்டேன். அடுத்த மாதம் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். இன்று அவள் ஓசூரில் இருக்கிறாள். அந்த மாப்பிள்ளை இன்னும் வடலூரில் இருக்கிறான்.

வேலை கிடைத்த சேதி கேட்ட அன்றே கொளஞ்சிநாதன் இனிப்போடு என் வீட்டுக்கு வந்தார். "நம்ம பெட்டியில டைப் அடிச்ச பொண்ணுண்ணே" என்றார். நான் மறுக்கவில்லை, இனிப்பு நன்றாக இருந்தது. கிளம்பும்போது குரலைத் தாழ்த்தி, "கம்ப்யூட்டர்ல படம் காட்டுறதுக்குன்னே புதுசா கார்டு ஒண்ணு போட்டிருக்கேன். இப்ப பெட்டி இல்ல, உருண்டை. வந்து பாருங்க" என்றார்.

"ஷிஃப்ட்டெல்லாம் எங்க வச்ச?"

"அதான்ணே தேடிக்கினு இருக்கேன்."

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டில் சுழலும் பெட்டி கிடையாது. கம்ப்யூட்டரே இல்லாமலும் இருக்கலாம். புது செல்போனோ, மகனின் பட்டமளிப்புப் படமோ, கட்டி முடித்த மாடியோ ஏதாவது ஒன்று இல்லாமலா போகும்? அடுத்த முறை யாராவது அவசரமாக உங்கள் வாசலுக்கு வந்து நின்றால், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன் உங்கள் கை எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் கவனியுங்கள்.

என் கையை நான் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நேரில் வந்தால் மாடியில் நின்று சொல்கிறேன். மாடியிலிருந்து பார்த்தால் சுரங்கம் வரை தெரியும்.