பாறைக்குத் தெரியாத பேர்

என் ஊமையா,

இந்தப் பள்ளத்தாக்கிலேயே பெரிய தொண்டை உன்னுடையது. உன்னை ஊமையா என்று கூப்பிட்டவள் நான் ஒருத்திதான், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு. வெளியே வந்தால் நீங்க, வாங்க, போங்க. இப்போது அந்த மரியாதை எல்லாம் கிடையாது. சொல்லாமல் கொள்ளாமல் போனவனுக்கு என்ன நீங்க? இனிமேல் நீதான். நான் சுகம் என்று எழுதினேன், பொய்யாக இருந்ததால் அடித்துவிட்டேன். நீ சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆடு சுகம். கோழிகளில் ஒன்றைக் கீரி கொண்டுபோனது, மிச்சம் சுகம். கூரை ஒழுகுகிறது, அது எப்போதும்போல சுகம். முறைக்கு விசாரித்தாயிற்று, இனி நான் திட்டப்போகிறேன், நடுவில் குறுக்கே பேசாதே. நாளைக் காலை பஸ்ஸில் கீழே என் அக்கா வீட்டுக்குப் போகிறேன், திரும்பி வருவதாக இல்லை. ஏன் போகிறேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் எல்லாம் உன்னால்தான்.

முதலில் இந்த முற்றம். இதில் நீ போட்ட கல்மேல் நின்று கத்தினால்தான் எதிர்ப்பாறைக்குக் குரல் எட்டும், பாறை அதை வாங்கி மேட்டுக்குப் பின்னால் இருக்கிற மேல்வீடுகளுக்கு எறியும் என்பது கடவுள் செய்த வேலை, அதற்கு உன்னைக் குற்றம் சொல்லவில்லை. செல்போன் எடுக்காத இந்தப் பள்ளத்தில், ஒரு நாளைக்கு ஒரே தரம் வருகிற பஸ் தூரத்து வளைவில் புழுதி கிளப்பும்போதே பார்த்து நீ கத்தினால்தான் மேல்வீட்டுச் சனம் இறங்கி வந்து பிடிக்க முடியும், அதுவும் சரி, புண்ணியம். ஆனால் பாறையைப் பார்க்க வருகிற ஊர் பேர் தெரியாதவர்களிடமெல்லாம், "வாங்க சார், உங்க வீடு மாதிரி நெனச்சுக் கத்துங்க" என்று யாரைக் கேட்டுச் சொன்னாய்? நினைத்துக்கொண்டார்கள். செருப்புக் காலோடு வருகிறார்கள், என் துணி காய்கிற கொடியைத் தூக்கிவிட்டுப் போட்டோ எடுக்கிறார்கள், கத்துகிறார்கள். பாதிப் பேர் அவரவர் பேரையே கத்துகிறார்கள், மறந்துபோய்விடும் போலிருக்கிறது. ஒருத்தன் மேலதிகாரியை வண்டை வண்டையாகத் திட்டினான், அத்தனையும் அவன் முகத்துக்கே திரும்பி வந்தது, அதற்கும் சிரித்தான். போன வாரம் புதுசாகக் கல்யாணம் ஆன பையன் பெண்டாட்டி பேரைக் கத்தினான், பாறை மூன்று தரம் சொன்னது, அந்தப் பெண்ணுக்கு வெட்கம் தாங்கவில்லை. அதோடு விட்டானா? ஆசை அடங்காமல் இன்னொருத்தி பேரையும் கத்தினான். பாறைக்கு என்ன தெரியும், அதையும் மூன்று தரம் சொல்லிவிட்டது. "அவ யாரு?" என்று அந்தப் பெண் கேட்க, "சும்மா, வாய்க்கு வந்த பேரு" என்று அவன் சொல்ல, சண்டை நம் முற்றத்தில், தண்ணீர் கொடுத்தது நான். எவள் எவள் பேரோ அந்தப் பாறைக்குத் தெரிந்திருக்கிறது.

இதில் நான் எப்போது அழுவது? கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தால், "அம்மா, கொஞ்சம் நகர முடியுமா, போட்டோல விழறீங்க" என்கிறார்கள்.

அடுத்தது மேல்வீட்டுச் சனம். நீ போன பிறகு பஸ்ஸுக்குக் கத்த ஆளில்லை. எல்லாரும் வந்து நம் கல்மேல் ஏறிப் பார்த்தார்கள். தையற்காரர் கத்தினார், பாறைக்குப் பாதி வழியில் குரல் கீழே விழுந்தது. டீக்கடைக்காரருக்குத் தொண்டை இருக்கிறது, ஆனால் பஸ் வருகிற நேரத்தில்தான் கடையில் கூட்டம், அவர் கத்தி முடித்தபோது பஸ் போயே போய்விட்டது. வாத்தியார், "பயணிகள் அனைவரும் உடனடியாகப் புறப்படவும்" என்று கத்தினார். மேல்வீட்டில் யாரும் அசையவில்லை. கேட்டதற்கு, "அது யாரையோ சொல்றாங்கன்னு நெனச்சோம்" என்கிறார்கள். கடைசியில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "நீ கத்தேம்மா, அவரோட இத்தனை வருஷம் இருந்திருக்கியே" என்றார் டீக்கடைக்காரர். மீன் விற்கிறவன் பெண்டாட்டிக்கு நீச்சல் வந்துவிடுமா? உன் தொண்டை இருந்த வீட்டில் இன்னொரு குரலுக்கு எங்கே இடம்? நான் கூப்பிட்டால் ஆடே திரும்பிப் பார்க்காது. முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம்தான் ஆபீசர் வந்தார். சுற்றுலா ஆபீசர், கழுத்தில் அட்டை, காலில் சேறு படாத ஷூ. எவனோ சுற்றிப் பார்க்க வந்தவன் நீ கத்துவதைச் செல்போனில் பிடித்து வைத்திருக்கிறான், அது ஆபீசர் கையில் சிக்கிவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நம் மதில்மேல் ஒரு ஸ்பீக்கரை நட்டார். "மணிக்கு ஒரு தரம் தானா பாடும்மா. வர்றவங்களுக்கு ஒரு அனுபவம். உங்க வீட்டுக்காரருக்கும் பெருமை" என்றார். நான் ஏதாவது பாட்டாக இருக்கும் என்று உள்ளே போய்விட்டேன்.

ஊமையா, அடுப்பு முன்னால் இருக்கிறேன், உன் குரல் கேட்கிறது. "பஸ் வருது! பஸ் வருது! மெதுவா இறங்குங்க, கால் வழுக்கும்!" பாறை வாங்கிச் சொல்கிறது. மேல்வீட்டில் கதவுகள் திறக்கிற சத்தம். நீ செத்தது அத்தனை பேருக்கும் தெரியும், உன்னைத் தூக்கியவர்களே அவர்கள்தான். ஆனாலும் ஓடி வந்தார்கள். தையற்காரர் கழுத்தில் டேப்போடு ஓடி வந்தார், அளவு கொடுத்துக்கொண்டிருந்தவன் பின்னாலேயே வந்தான். உருளைக்கிழங்கு மூட்டைகள் உருண்டு வந்தன. உன் அக்கா தலையில் பாதி சோப்போடு வந்து, ரோட்டில் நின்று, "பஸ் எங்கே?" என்கிறாள். பஸ் எங்கே இருக்கும்? மத்தியானம். "அண்ணி, அது மெஷின்" என்றேன். "மெஷினா இருந்தா என்ன, குரல் என் தம்பியுதுதானே? அவன் பஸ் விஷயத்துல பொய் சொல்ல மாட்டான்" என்று எரிந்து விழுந்தாள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி கத்தினாய். மறுபடி வந்தார்கள்! மூட்டையை ஏற்றி, இறக்கி, ஏற்றி, இறக்கி, இந்தக் கூத்து நாலு நாள். நடுவில் ஒரு நாள் காலையில் நிஜ பஸ் வந்தபோது எல்லாரும் களைத்துப் படுத்திருந்தார்கள், டிரைவர் காலி வண்டியைத் திருப்பிக்கொண்டு என்னை முறைத்துவிட்டுப் போனார். "செத்தும் வேலையில இருக்கான்யா மனுஷன்" என்று டீக்கடைக்காரருக்குச் சந்தோஷம், இறங்கி வந்தவர்கள் எல்லாம் அவர் கடையில்தானே உட்கார்கிறார்கள்.

இதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஆனால் அந்தச் செல்போன்காரன் சரியான இடத்தில் நிறுத்தவில்லை. "கால் வழுக்கும்" என்று கத்தி முடித்து நீ வீட்டுப் பக்கம் திரும்பிக் கேட்கிறாய்: "ஏய், டீ ஆறிப்போச்சா?" அதுவும் அதில் இருக்கிறது. அதையும் பாறை சொல்கிறது. மணிக்கு ஒரு தரம் இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க டீ ஆறிப்போச்சா, ஆறிப்போச்சா, போச்சா. வந்தவர்கள் கைதட்டுகிறார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? முதல் தரம் கேட்டபோது கையில் டம்ளரோடு முற்றத்துக்கு வந்துவிட்டேன். ஆவி பறக்கிற டீ. போட்டதுகூட எனக்கு ஞாபகம் இல்லை. அங்கே ஒரு கூட்டம் நின்றது, ஒருத்தி, "ஹை, டீயும் குடுக்கறாங்க" என்று என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். சர்க்கரை கம்மி என்றாள்.

நாலாவது நாளும் டம்ளரோடு வந்து நின்றேன். அன்றைக்குத்தான் உள்ளே போய் அரிவாளை எடுத்து வந்து வயரை வெட்டினேன். நீ 'ஏய்' என்பதோடு நின்றாய்.

ஆபீசர் குதித்தார். "அரசாங்கச் சொத்தும்மா அது!" "வயரு அரசாங்கத்தோடது சார், எடுத்துட்டுப் போங்க. கொரலு எந்த அரசாங்கத்தோடது?" என்று கேட்டேன். இவ்வளவு பேசுவேன் என்று எனக்கே தெரியாது. அவர் ஷூவில் சேறு பட்டுவிட்டதைப் பார்த்துக்கொண்டே போனார். அதற்கு மேல் உன் அக்கா. "என் தம்பி கொரலை அறுத்துட்டியேடி, கல் நெஞ்சுக்காரி" என்று நடுரோட்டில் நின்று அழுதாள். அவள் நின்று அழ நடுரோடாவது இருக்கிறது. நான் அழ வேண்டிய முற்றத்தில்தான் வரிசை கட்டி நிற்கிறார்கள். இப்போது மேல்வீட்டில் யாரும் என்னோடு பேசுவதில்லை. பஸ் போகிறது, அவர்கள் விடுகிறார்கள், பழி என்மேல்.

கோபம் அதுகூட இல்லை. கேள். உயிரோடு இருந்தவரை அந்தக் கல்மேல் நின்று ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டாய். உன் அக்கா பேர், தையற்காரர் பேர், மேல்வீட்டுப் பெண்கள் பேர், தொலைந்துபோன ஆட்டின் பேர். என்னை மட்டும் ஏய், இந்தா, இங்க பாரு. கல்யாணத்தன்றைக்கும் ஏய். கடைசியாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோதும் ஏய். ஆட்டுக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை. உன் குரல் மிச்சம் இருக்கிறது என்று மெஷினைப் போட்டால் அதிலும் ஏய். அதனால்தான் வெட்டினேன். உன் அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது?

பெட்டி கட்டியாயிற்று. ஆட்டை டீக்கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டேன். இந்தக் கடிதத்தை உன் கல்லுக்கு அடியில் வைத்துவிட்டுப் போகிறேன், மழை படாது. நீ எங்கே இருந்தாலும் வெயிலில் நிற்காதே, தொண்டையைப் பார்த்துக்கொள், பக்கத்தில் இருப்பவர்களைத் தூங்க விடு. என் கோபம் உனக்குக் கெடுதல் செய்யாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஏய்

பி.கு. கல்லைத் தூக்கி மறுபடி இந்தக் கடிதத்தை எடுத்து எழுதுகிறேன். காலையில் பெட்டியோடு முற்றத்தில் நின்றேன். வளைவில் புழுதி தெரிந்தது. மேலே ஒரு கதவும் திறக்கவில்லை, அவர்களுக்கு யார் சொல்வது? உன் அக்காவுக்கு இன்றைக்குக் கண் டாக்டரைப் பார்க்கிற நாள். பெட்டியைக் கீழே வைத்தேன். கல்மேல் ஏறினேன். பஸ் வருது என்றேன், ஆட்டுக்குக்கூடக் கேட்காது. கண்ணை மூடிக்கொண்டு உங்களை நினைத்து, உங்கள்மேல் இருக்கிற அத்தனை கோபத்தையும் சேர்த்துக் கத்தினேன். பாறை வாங்கிக்கொண்டது. அப்புறம் மேலேயிருந்து உங்கள் அக்காவின் குரல், பாறை வழியாக: "அது யாரு? புதுக் கொரலா இருக்கு!" ஏய் என்றா பதில் சொல்வது? என் பேரைக் கத்தினேன். மூன்று தரம் சொன்னது. பெரிசாக, முழுசாக, ஓர் எழுத்து விடாமல். எல்லாரும் இறங்கி வந்து ஏறினார்கள், உங்கள் அக்கா ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்து, "மெதுவா இறங்குங்கன்னு சொல்ல மறந்துட்டியே" என்றாள். பஸ் போய்விட்டது. என் பெட்டி இங்கேயே இருக்கிறது. ஆட்டைத் திருப்பிக் கேட்க வேண்டும். மேலே 'நீ' என்று எழுதியதையெல்லாம் 'நீங்கள்' என்று படித்துக்கொள்ளுங்கள், அடித்துத் திருத்தக் கை வலிக்கிறது. ஒன்று மட்டும் சொல்லுங்கள். நல்ல பேராகத்தான் இருக்கிறது, எனக்கே இன்றைக்குத்தான் தெரிந்தது. நான் தண்ணிக்குப் போயிருந்த நேரத்திலாவது, யாரும் இல்லாதபோதாவது, ஒரு தரம் அந்தக் கல்மேல் நின்று அதைச் சொல்லிப் பார்த்தீர்களா?