கோவிந்தா மாமாவும் காணாமல் போன மாடும்

"நன்னா இருக்கு" என்று வாயால் சொல்லியே ஒரு சினிமாவைத் தியேட்டரை விட்டு விரட்டுகிற சக்தி, எனக்குத் தெரிந்து இந்தப் பம்பாயில் ஒரே ஒருத்தருக்குத்தான் இருந்தது. அவர் புகழ்ந்த படம் அடுத்த ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்ததே கிடையாது.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் பெருமாளுக்குத்தான் வெளிச்சம். மாட்டுங்காவில் எங்களுக்கெல்லாம் அவர் கோவிந்தா மாமா. பக்தியால் வந்த பட்டம் என்று நினைத்துவிடாதீர்கள்.

"மாமா, போன வாரம் ஒரு படத்தை ஆஹா ஓஹோன்னேளே, என்ன ஆச்சு?"

"தியேட்டர்லேருந்து எடுத்துட்டான்டா."

"கோவிந்தா!"

இப்படிக் கிடைத்த பட்டம்.

சயான் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியில் குமாஸ்தா. கட்டை பிரம்மசாரி. கிங்ஸ் சர்க்கிளில் நான் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கிற கடை வைத்திருந்த அறுபதுகளில், ஞாயிறு தவறாமல் வருவார். ஊரே பெரிய பெரிய ஸ்டார் படங்களுக்கு வரிசையில் நிற்கும். இவர் மட்டும் வங்காளி, ஜப்பான், பெயர் வாயில் நுழையாத இன்னும் ஏதோ தேசம் என்று, காலை ஆட்டத்துக்கு மட்டும் வரும் படங்களாகத் தேடிக்கொண்டு போவார். பக்கத்து சீட்டுக்காரன் கடலை கொறித்தால் "உஸ்!" என்பார். அநேகமாகப் பக்கத்து சீட்டில் ஆள் இருக்காது என்பது வேறு விஷயம்.

"பாஷை புரியாம என்னத்தை மாமா பாக்கறேள்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"குழந்தை அழறது. அது எந்த பாஷைன்னு கேட்டுண்டா தூக்கறோம்?"

எனக்குப் படிப்பு எட்டாவதோடு சரி. சினிமா என்றால் சாமி படம். ஆனாலும் அவர் கதை சொன்னால் வறுக்கிற கொட்டை கருகுவதுகூடத் தெரியாது.

"ஒரு கிழவன் மழைக்கு ஒதுங்கறான்."

"அப்புறம்?"

"மழை விடறது."

"அப்புறம்?"

"போயிடறான்."

"இதுக்கா மாமா பஸ் ஏறிப் போனேள்?"

"ஓய், மழை எப்படி விட்டதுன்னு கேளும்!"

என் அகத்துக்காரி அவரை வைத்தே படங்களைத் தேர்ந்தெடுப்பாள். "மாமா போஸ்டரைப் பாத்து மூஞ்சியைச் சுளிச்சாரா? அப்போ டிக்கெட் வாங்குங்கோ." ஒரு தடவைகூட ஏமாந்ததில்லை.

ஒரு மார்கழியில் மனுஷன் தலைகால் புரியாமல் கடைக்கு ஓடி வந்தார். மலைநாட்டுப் பையன் ஒருத்தன் எடுத்த முதல் படம், எங்கள் பக்கத்துத் தியேட்டருக்கே வருகிறதாம். ஒரே ஒரு ஞாயிறு, ஒரே காலை ஆட்டம்.

"கோட்டைப் பக்கம் ஒரு சினிமா சங்கத்துல பாத்தேன். அங்கேயும் நாலு பேர்தான். இங்கேயும் ஆள் வரலேன்னா படப்பெட்டியைக் கட்டி அனுப்பிடுவா. அப்புறம் அது எந்தக் குடோன்லயோ கிடக்கும். ஒருத்தரும் பாக்காமலே போயிடுமேய்யா!"

தியேட்டர் மானேஜர் ஒரு பார்சிக் கிழவர். கறாரான மனுஷன். "சார் லைன் பர்னா சாஹியே!" என்றுவிட்டார். நாலு வரிசையாவது நிரம்பாவிட்டால் மிஷினையே ஓட்டமாட்டாராம். மாமா வீடு வீடாக ஏறி இறங்கினார். "மாமாவே நன்னா இருக்குங்கறார், ஜாக்கிரதை!" என்று செய்தி அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

அந்த ஞாயிறு எங்கள் மார்கழி பஜனை வீதி சுற்றிவிட்டு வந்துகொண்டிருந்தது. முன்னால் பாகவதர், கழுத்தில் ஹார்மோனியம்; பின்னால் மிருதங்கம், ஜால்ரா, குத்துவிளக்கோடு பெண்டுகள், கடைசியில் பொங்கல் அண்டாவோடு நான். தியேட்டர் வாசலில் மாமா குறுக்கே பாய்ந்தார்.

"பாகவதரே, நீங்கதான் காப்பாத்தணும். மாடு காணாமப் போயிடுத்து!"

"யார் மாடு ஓய்?"

"படத்துல! மாடு மேய்க்கற பிள்ளை தேடிண்டு போறான்."

பாகவதர் கண் விரிந்தது. "மாடு மேய்க்கற பிள்ளையா? கோபாலனா?"

மாமா தலையைச் சொறிந்தார். "மாடு மேய்க்கறவன்... கோபாலன்தானே?"

அவ்வளவுதான். "கோபாலன் கூப்பிட்டு அனுப்பியிருக்கான், வாங்கோ!" என்று பாகவதர் உள்ளே நுழைந்தார். வாசலில் யாரோ சூடம் ஏற்றப் போக, மானேஜர் "ஆக் லகேகா!" என்று அலறிக்கொண்டு ஓடி வந்தார். தீப்பிடித்துவிடுமாம். விளக்கை வெளியே வைத்தோம். அண்டாவை வைக்க மனம் வரவில்லை. எனக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்த்தினேன். ஐந்தாவது வரிசையும் நிரம்பிற்று.

படத்தில் பாட்டே இல்லை. மூடுபனி. கிழிந்த சட்டைப் பையன் ஒருத்தன் மாட்டைக் கூப்பிட்டுக்கொண்டே நடக்கிறான், நடக்கிறான்.

"புல்லாங்குழல் எங்கே ஓய்?" என்று பாகவதர் கிசுகிசுத்தார்.

"வரும், வரும்" என்றார் மாமா, வியர்த்துக்கொண்டு.

கொஞ்ச நேரத்தில் என் அகத்துக்காரி எழுந்து நின்றுவிட்டாள். "அந்தப் பக்கம் போகாதேடா கொழந்தே, பள்ளம்!" பின்வரிசையிலிருந்து, "இடது பக்கம் போடா, மணிச் சத்தம் கேக்கறது!" ஆளாளுக்கு வழி சொன்னார்கள். கடலைக்கே உஸ் என்கிற மாமா மூச்சுவிடவில்லை.

பனிக்குள்ளிருந்து மாடு வந்தது. பையன் கத்தவில்லை, குதிக்கவில்லை. அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றான்.

பாகவதர் எழுந்தார். "சர்வத்ர கோவிந்த நாம சங்கீர்த்தனம்!"

"கோவிந்தா! கோவிந்தா!"

மாமா திடுக்கிட்டுத் திரும்பினார். வாழ்நாளெல்லாம் அவரைக் கேலி செய்த வார்த்தையல்லவா! திரையின் வெளிச்சத்தில் பார்த்தால், அத்தனை பேர் கண்ணிலும் நீர். அவரும் இரண்டு கையையும் தூக்கி, எல்லாரையும்விட உரக்க ஒரு "கோவிந்தா!" போட்டார். கலாட்டா என்று நினைத்து ஓடிவந்த மானேஜர் கதவருகில் அப்படியே நின்றுவிட்டார்.

வெளியே பொங்கல் விநியோகம். பாகவதர்தான் ஆரம்பித்தார். "எல்லாம் சரி, கிருஷ்ணன் வரவே இல்லையே?"

"வந்தாரே!" என்றாள் என் அகத்துக்காரி. "மாட்டைக் கட்டிண்டு நின்னாரே, நீங்க பாக்கலையா?"

மானேஜர் தொன்னையை வழித்து நக்கிவிட்டு மாமாவின் தோளைத் தட்டினார். "அக்லா சண்டே பி லேகே ஆவ்!" அடுத்த ஞாயிறும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னது பஜனையையா, பொங்கலையா என்று எங்களுக்குள் வாக்குவாதம். ஆனால் மாமா நன்றாக இருக்கிறது என்று சொன்ன படம், முதல் தடவையாக, இரண்டாம் ஞாயிறும் ஓடியது.

மாமா இப்போது இல்லை. கோயிலில் எல்லாரும் சேர்ந்து "கோவிந்தா!" என்னும்போது நானும் சொல்கிறேன். முதல் கோவிந்தா பெருமாளுக்கு. இரண்டாவது யாருக்கு என்று பெருமாளுக்கே தெரியும், கோபித்துக்கொள்ளமாட்டார்.